புற்றுநோயும் நம் வீட்டுக் கூச்சமும்

புற்றுநோய் என்று சொல்ல நேர்ந்தால் நம் பகுதிப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "அந்த வியாதி" என்பார்கள். பெயரைச் சொன்னாலே வீட்டுக்குள் வந்துவிடும் என்ற எண்ணம் போலும்! ராயபுரம் முதல் எண்ணூர் வரை இதே நிலைதான். இந்தத் தயக்கத்திற்கு நம் தாய்மார்கள் கொடுக்கும் விலை மிகப் பெரிது என்பது எங்கள் கருத்து.

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. தேவைப்படும்போது செல் இரண்டாகப் பிரியும். முதிர்ந்த செல் மடியும். இந்த ஒழுங்கைக் காக்கும் கட்டளைகள் மரபணுக்களில் உள்ளன. புகையிலையின் நச்சு, சில வைரஸ்கள், முதுமை முதலியவற்றால் அக்கட்டளைகள் பழுதுபட்டால், ஒரு செல் அடங்காமல் பெருகத் தொடங்குகிறது. நோயாளியோடு உண்பதால் இது பிறருக்கு ஒட்டாது. தனித் தட்டும் தனி டம்ளரும் வைக்கும் வீடுகள் இன்றும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

கட்டி எவ்வளவு பெரியது, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியுள்ளதா, ஈரல், எலும்பு போன்ற தொலைவான உறுப்புகளுக்குச் சென்றுவிட்டதா என்று பார்த்து, மருத்துவர்கள் நோயைப் பொதுவாக நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். மார்பகப் புற்றை முதல் நிலையில் கண்டால் அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். நான்காம் நிலையில் நோயைக் கட்டுப்படுத்தலாம், வலியைக் குறைக்கலாம். முழுக் குணம் அரிது.

முதல் நிலையில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. அதுதான் ஏமாற்றிவிடுகிறது. "வலிக்கவில்லையே, பிறகு பார்க்கலாம்", "ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது?", "மூத்தவள் கலியாணம் முடியட்டும்". இப்படியே மாதங்கள் ஓடுகின்றன. கலியாணத்திற்காகத் தள்ளிப்போட்ட தாய், பேரக்குழந்தையைப் பார்க்க வேண்டாமா?

மணலி, எண்ணூர் ஆலைகளின் புகைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பாரும் உண்டு. மாசுபட்ட காற்றும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உண்மையே. நல்ல காற்று கேட்பது நம் உரிமை. ஆனால் சுருக்குப்பைக்குள் இருக்கும் புகையிலையை யாரும் குறை கூறுவதில்லை! வெற்றிலையோடு அதை வாயில் அடக்கும் பழக்கத்தால் வாய்ப்புற்று வருகிறது. வாயில் வெள்ளைத் திட்டோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்ட வேண்டும். (பாட்டியின் சுருக்குப்பையில் கை வைத்து அடி வாங்கியவர்கள் எங்களுள் உண்டு.)

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. எப்படியும் இறப்பவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களை மீறி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை அதற்கே உழைத்தார். ஒரு காலத்தில் சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கர்ப்பப்பை வாய்ப் புற்று இன்று வெகுவாகக் குறைந்துள்ளது. இப்போது முதலிடம் மார்பகப் புற்றுக்கு. குறைக்க முடியாத நோயன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸைத் தடுக்கத் தடுப்பூசியே உண்டு. 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கே அதை முதலில் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பள்ளியில் பாதிப்பேர் அந்த வயதினர்தாம். பெற்றோர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்க வேண்டுகிறோம்.

மதிப்பிற்குரிய தலைமைச் சகோதரி அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தன்று ஒரு பெண் மருத்துவரை வரவழைத்து, தாய்மார்களுடன் மட்டும் ஒரு மணி நேரம் பேசச் செய்யுங்கள். ஆண்கள் இல்லாத அறையில் வாய் திறந்து கேட்பார்கள். காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் தாய்மார்கள் காலையில் வர இயலாது. ஆதலால் மாலை நான்கு மணிக்குமேல் வைத்தால் நலம்.