சிரட்டையில் தேங்கும் மழை

2021 ஜூலை 8 அன்று கேரளத்தின் முதல் ஜிகா தொற்று உறுதியானபோது, நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்ட ஊர் பாறசாலை. பாதிக்கப்பட்டவர் ஒரு கர்ப்பிணி. பரப்பியது ஏடிஸ் கொசு. பரபரப்பு சில வாரங்களில் அடங்கிவிட்டது, கொசு அங்கேயே இருக்கிறது. அதே ஏடிஸ் வகைக் கொசுக்கள் நாய்களுக்கு இன்னொரு தொல்லையையும் கொண்டுவருகின்றன. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

டைரோஃபைலேரியா ரிப்பென்ஸ் என்பது நாயின் தோலுக்கடியில் வாழும் நூல்புழு. பெண் புழு 10 முதல் 17 சென்டிமீட்டர் வரை வளரும். அதன் நுண்குஞ்சுகள் நாயின் ரத்தத்தில் மிதக்க, கொசு உறிஞ்சி எடுத்து அடுத்த நாய்க்குக் கொடுக்கிறது. சில சமயம் மனிதருக்கும். மனித உடலில் அந்தப் புழு பெரும்பாலும் இனம் பெருக்குவதில்லை. வழி தவறி ஊர்ந்து, பல சமயம் கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடிய மெல்லிய படலத்துக்கடியில் வந்து நிற்கும். மருத்துவர் கண்ணை மரக்கச் செய்து, சிறு கீறல் போட்டு, உயிரோடு நெளியும் வெள்ளை நூலை இடுக்கியால் இழுத்தெடுக்கிறார். கேரளத்துக் கண் மருத்துவர்கள் 1970களிலிருந்தே இத்தகைய நோயாளிகளைப் பதிவு செய்துவருகிறார்கள்.

வெப்பம் இதில் எங்கே வருகிறது? 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே புழுவின் நுண்குஞ்சு கொசுவுக்குள் வளராது. அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு டிகிரியையும் நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால், சுமார் 130 சேரும்போது அது தொற்றத் தயாராகிறது. சராசரி 26 டிகிரி என்றால் ஏறக்குறைய 11 நாள். 27 ஆனால் 10 நாள். ஒரு நாள்தானே என்று விட்டுவிட முடியாது: கொசுக்கள் தினமும் செத்துக்கொண்டே இருப்பவை. காத்திருப்பு ஒரு நாள் குறைந்தால், புழுவைச் சுமந்தபடி உயிரோடிருக்கும் கொசுக்கள் கூடும். இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது.

ஐரோப்பாவில் வெப்ப உயர்வின் விளைவு வரைபடத்திலேயே தெரிகிறது. தெற்கே மத்தியதரைக் கடலோரத்தில் பரவலாக இருந்த புழு, ஹங்கேரி, போலந்து, உக்ரைன் வரை ஏறிவிட்டது. பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை வட்டாரத்துக்கு அந்தக் கதை பொருந்தாது. இங்கே புழுவைத் தடுத்து நிறுத்தும் குளிர்காலம் என்றைக்குமே இருந்ததில்லை. வெயில் மிகக் கடுமையானால் கொசுவே மடியும் என்பதும் உண்மை. ஆகவே இங்கே கவனிக்க வேண்டியது தண்ணீரை.

இந்தக் கேரள-தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மழைநாளில் ரப்பர் பால்வெட்டு நிற்கிறது. மரத்தில் கட்டிய சிரட்டைகள் வாய் திறந்தபடி நிற்க, ஒவ்வொன்றிலும் ஒரு கை நீர். ஏடிஸ் அல்போபிக்டஸ் முட்டையிட அது போதும். குடம்பி ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். மழை விட்டுவிட்டுப் பெய்யும் ஆண்டில் இது மாதக்கணக்கில் நீளும். சிரட்டையைக் கவிழ்க்கச் சொல்லிச் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் கேட்கிறது. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லாத தொழிலாளி, நூற்றுக்கணக்கான மரங்களுக்கு யாருக்காக நடப்பார்? அந்த நாளுக்கும் கூலி கொடுக்காமல் அறிவிப்பு மட்டும் ஒட்டுவது நியாயமில்லை.

நாய்க்குச் செய்ய வேண்டியது எளிது. மிருகாஸ்பத்திரியில் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சிவப்பணுக்களை இடித்துக்கொண்டு நெளியும் குஞ்சு கண்ணில் படும். ஆனால் கொசு கடித்து ஆறு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் குஞ்சுகள் ரத்தத்தில் வரும் என்பதால், ஒருமுறை பார்த்து இல்லை என்றதோடு விட்டுவிடக் கூடாது. ஒருவர் கண்ணிலிருந்து புழு எடுக்கப்பட்டால், அந்தத் தகவல் அவருடைய ஊர் மிருகாஸ்பத்திரிக்கும் போய்ச்சேர வேண்டும். அந்த வாரத்திலேயே அவர் வீட்டு நாய்க்கும் பக்கத்து வீட்டு நாய்களுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும்.