பொம்மை லென்ஸும் நுரை பொங்கும் ஏரியும்

எனக்கு ஹோல்கா லென்ஸ் மேல் ஒரு கோபமும் இல்லை. அதை மாட்டிக்கொண்டு எங்கள் சந்தாபுரா பக்கம் ஏரிக்கரைக்கு வருகிறவர்கள் மேல்தான் கோபம்.

ஹோல்கா தெரியாதவர்களுக்கு: 1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் பிறந்த மலிவு பிளாஸ்டிக் கேமரா. 120 ஃபிலிம் போடுவது. நம்ம ஊர் வீடுகளில் இருந்த அக்ஃபா க்ளிக் 3 ஞாபகம் இருக்கிறதா? அந்த ஜாதி. பிற்பாடு அதன் லென்ஸை மட்டும் டிஜிட்டல் கேமராவில் மாட்டுகிற மாதிரி 60 மி.மீ. என்று தனியாகச் செய்து விற்றார்கள். நடுவில் சுமாரான தெளிவு, ஓரம் போகப் போக மங்கல், எதிர்வெயில் பட்டால் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளிறல். இந்த மூன்று குறைகளும்தான் அதன் பெருமையே.

தண்ணீருக்குப் பக்கத்தில் போனால் இந்தக் குறைகள் வித்தை காட்டுகின்றன. அலையில் தெறிக்கும் வெயில் ஒளிப்பொட்டாக விரிகிறது. கருத்த சாக்கடைநீர் வெளிறி இளஞ்சாம்பல் ஆகிறது. ஆகாயத்தாமரை புல்வெளி ஆகிறது. நுரை பனிமூட்டம் ஆகிறது. பார்க்கிறவர் "ஆஹா, கனவு மாதிரி இருக்கே!" என்கிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்த படம் சார் அது!

2022 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் சேர்ந்து பாழான ஏரி. 500 கோடி கட்டச் சொன்ன தண்ணீரைக் கனவு என்றால் யாருடைய கனவு?

பெல்லந்தூர் ஏரியில் 2015 மே மாதம் நுரையே தீப்பிடித்தது. சோப்புத்தூள் கலந்த சாக்கடை மதகில் விழுந்து புரளும்போது பொங்குகிற நுரை. அந்தத் தீயும் நுரையும் ஊர் உலகமெல்லாம் பேச்சானது எதனால்? பளிச்சென்று எடுத்த படங்களால். அந்த நுரையைப் பொம்மை லென்ஸில் எடுத்திருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது, ஊட்டி என்று நினைத்திருப்பார்கள். இதில் நமக்கு என்ன என்று கேட்கும் தமிழ் நண்பர்களுக்கும் ஒரு சேதி: பெல்லந்தூர், வர்த்தூர் ஏரித் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் வருகிறது. அங்கேயும் நுரை பொங்குகிறது. அதை வைத்து விவசாயம் பண்ணுவது நம்ம ஜனங்கள்.

பி.காம். படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த வித்தை புதுசில்லை. மார்ச் 31-க்கு முன்னால் வாராக்கடனுக்குப் புதுக்கடன் கொடுத்து நல்ல கடனாகக் காட்டும் வேலை இருக்கிறதே, அதுவேதான் இது. கணக்கில் பொய் இருக்காது, ஆனால் உண்மையும் தெரியாது. அங்கே ஆடிட்டர் வருவார். ஏரிக்கு யார் வருவார்?

"கலை சார், உங்களுக்குப் புரியாது" என்பார்கள். இந்தச் சண்டை பழசு. மங்கலாக எடுத்தால்தான் கலை என்று ஒரு கூட்டம் நூறு வருஷத்துக்கு முன்பே சொன்னது. 1932-ல் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் போன்றவர்கள் 'எஃப்/64' என்று குழு சேர்ந்து, கூர்மையான படமும் கலைதான் என்று காட்டினார்கள்.

"தற்செயலின் அழகு" என்பது இன்னொரு வாதம். ஆறு செ.மீ. சதுர ஃபிலிமுக்குப் பிறந்த லென்ஸ் அது. டிஜிட்டல் சென்சாரோ அதில் நடுத்துண்டை மட்டும்தான் எடுக்கிறது. ஓரத்து இருட்டைச் சாஃப்ட்வேரில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். பூசி வருவது எப்படி சார் தற்செயல்?

பொம்மை லென்ஸை வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு மாட்டுங்கள். மெரினாவில் பலூன் சுடுகிற இடத்தில் மாட்டுங்கள். பிரமாதமாக இருக்கும், நானே பாராட்டுவேன். ஏரிக்கரைக்கு மட்டும் கிட் லென்ஸோடு வாருங்கள். எஃப்/8 வையுங்கள், மதகில் ஃபோகஸ் பண்ணுங்கள், தேதியும் இடமும் எழுதி வையுங்கள். அழகாக இருக்காதுதான். நாளைக்கு ஓர் அதிகாரியின் மேஜையில் வைக்கலாம், ஒரு வழக்கில் இணைக்கலாம். கனவுப் படத்தை எதில் இணைப்பீர்கள்?