சலுகை வேண்டாம், நேரிய விதி வேண்டும்!

போட்டி நடத்துவோர் கையில் இரண்டு கருவிகள் உண்டு, தோழர்களே! ஒன்று நீதி, மற்றொன்று சலுகை. நீதி எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தும். சலுகையோ, "உனக்கு இவ்வளவு தூரம் எதற்கு அம்மா?" என்று பரிவு பேசியே பாதையைப் பாதியாக வெட்டும்.

கற்பனையன்று, 1929 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது. சாண்டா மோனிகா முதல் கிளீவ்லண்ட் வரை, ஊர்தோறும் இறங்கி, எரிபொருள் நிரப்பிப் பறக்கும் மகளிர் விமானப் பந்தயம் ஏற்பாடாயிற்று. தனித்து 100 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 25 மணி நேரம் நெடுந்தொலைவுப் பயணமாக இருக்க வேண்டும். இது விதி. இருபது பெண்கள் தகுதியோடு வந்தனர்.

உடனே பிறந்தது பரிவு! ராக்கி மலைகளைத் தாண்டுவது பெண்களுக்குக் கடினமாம்; மலைக்குக் கிழக்கே, ஒமாஹாவிலிருந்து புறப்படட்டுமாம்! இல்லையேல் ஆண் துணையொன்று உடன் வரட்டுமாம்! சிந்தித்துப் பாருங்கள்: வென்றால் புகழ் துணைக்கு; தோற்றால் பழி அவளுக்கு. இதற்குப் பெயர் பரிவா, பறிப்பா?

அமீலியா ஏர்ஹார்ட் முதலானோர், "முழுப் பாதை இல்லையேல் நாங்கள் இல்லை" என்ற நிலையில் நின்றார்கள். யோசனை மடிந்தது. ஆகஸ்ட் 18 இல் முழுப் பாதையிலேயே பறப்பு தொடங்கிற்று.

வழியில், அரிசோனாவில், மார்வெல் கிராசன் என்னும் வீராங்கனை உயிரிழந்தார். உடனே எழுந்தது கூக்குரல்: பந்தயத்தை நிறுத்து! பெண்ணுக்கு வானம் எதற்கு?

கேட்கிறோம்: 1927 இல் ஓக்லண்டிலிருந்து ஹோனலூலுவுக்கு நடந்த டோல் பந்தயம் பத்து உயிர்களைப் பலி கொண்டதே, விமானம் ஓட்டியோர் அத்தனை பேரும் ஆண்களே. "ஆண்கள் இனிப் பறக்கலாகாது" என்று அன்று கூறியவர் உண்டா? ஆண் வீழ்ந்தால் விபத்து. பெண் வீழ்ந்தால் விதிவிலக்கில்லாத சான்று! எத்துணை விந்தையான தராசு!

பெண்கள் நிற்கவில்லை. பிளான்ச் நோயஸ், பறக்கும்போதே விமானத்தில் தீப்பற்ற, தரையிறங்கி, மணலை அள்ளிக் கொட்டி அணைத்துவிட்டு மீண்டும் பறந்தார். ஆகஸ்ட் 26 இல் பந்தயம் முடிந்தது. பெரிய விமானங்களின் பிரிவில் லூயிஸ் தேடன் வென்றார். சிறிய விமானங்களின் பிரிவில் ஃபீபி ஓம்லி வென்றார்.

வென்றதும் கலைந்து போனார்களா? இல்லை! அவ்வாண்டு நவம்பரிலேயே பெண் விமானிகள் கூடிச் சங்கம் கண்டார்கள். தொடக்க உறுப்பினர் 99 பேர். அந்த எண்ணே சங்கத்தின் பெயராயிற்று.

எதிர்ப்பு ஓய்ந்ததா? 1934 இல் பெண்டிக்ஸ் பந்தயம் பெண்களுக்குக் கதவடைத்தது. கதவு மீண்டும் திறந்தபின், 1936 இல், பெண்களுக்கென ஓர் ஆறுதல் பரிசை ஒதுக்கிவைத்தார்கள். நடந்தது என்ன? தேடனும் நோயசும் ஆண்களையும் முந்தி முதற்பரிசையே தட்டிச் சென்றனர்! ஆறுதல் யாருக்குத் தேவைப்பட்டது என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நேரிய விதி எது? 1947 இல் ஒரே ஒரு விமானத்துடன் தொடங்கி, 1977 வரை நடந்த மகளிர் பந்தயத்தையும், அதன் வழிவந்த பந்தயத்தையும் பாருங்கள். பகலில் மட்டும் பறப்பு. ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் ஆற்றலுக்கேற்ற அளவு வேகம் முன்னரே குறிக்கப்படும். தன் அளவை எவர் மிகுதியாக விஞ்சுகிறாரோ அவரே வென்றவர். முதலில் இறங்கியவர் தோற்கலாம். கடைசியில் வந்தவர் வாகை சூடலாம். எந்திரங்களின் ஏற்றத்தாழ்வு ஈடுசெய்யப்படுகிறது. மனிதரின் திறன் குறைத்து மதிப்பிடப்படுவதில்லை. பாதை எவருக்கும் குறுக்கப்படுவதும் இல்லை.

தோழர்களே! எளிய வழி தருகிறோம் என்று எவரேனும் உங்களிடம் இனிக்கப் பேசினால், கைகூப்புமுன் கேளுங்கள்: கோட்டைப் போட்டவர் யார்? எங்களைக் கேட்டா போட்டார்? பாதையைக் குறுக்க வேண்டாம், விதியை நேராக்குங்கள். பறந்து காட்டுவது எங்கள் பொறுப்பு!