படுக்கையறையில் கொசுவத்தி வேண்டாம்

சுங்கை ஆயர் தாவாரில் பொழுது சாய்ந்ததும் கதவு சன்னலை அடைத்துக்கொண்டு கொசுவத்தி கொளுத்துவது, லயத்துக் காலத்திலிருந்தே நம்மோடு வரும் பழக்கம். நம்முடையது தாழ்ந்த கடலோர நிலம். செம்பனைக் காட்டுக் கால்வாயிலும் வீட்டோரப் பாரிட்டிலும் தண்ணீர் எளிதில் வடியாது. கொசுவும் குறையாது. கையிலிருக்கும் காசுக்குக் கிடைப்பது கொசுவத்திச் சுருள்தான். பிள்ளையைக் கொசு கடித்துவிடக் கூடாதே என்று தவிக்கும் தாயைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால், அடைத்த அறையில், தூங்கும் பிள்ளையின் கட்டிலுக்கடியில் சுருள் எரியக் கூடாது. இதுவே எங்கள் சங்கத்தின் உறுதியான நிலைப்பாடு.

சுருளில் கொசுவை விரட்டும் பைரித்ராய்டு மருந்து நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் மரத்தூள், சிரட்டைத் தூள், மாவுப் பசை, சாயம். அது ஏழெட்டு மணி நேரம் கனன்று எரிகிறது. விறகடுப்புப் புகையில் கண் கலங்கிய அம்மாக்களுக்கு எப்படியோ கேஸ் அடுப்பு வந்து சேர்ந்தது. சமையலறையை விட்டுப் போன அந்தப் புகையைத்தான் இப்போது படுக்கையறையில் மூட்டுகிறோம்.

மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளிவந்தது. மலேசிய ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றார்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவு நுண்துகள் வெளிவருகிறது. ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுகளின் அளவுவரை எட்டக்கூடும். சுருளில் நிக்கோட்டின் கிடையாது, உண்மைதான். ஆனால் அந்த நுண்துகள் நுரையீரலின் அடிவரை இறங்கும் தூசு. முதலில் அவதிப்படுவது ஆஸ்துமா உள்ள பிள்ளையும் இளைப்பு வாங்கும் தாத்தா பாட்டியும்தான்.

டிங்கிக்குப் பயந்துதானே கொளுத்துகிறோம் என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. 2023-இல் மட்டும் டிங்கி இந்நாட்டில் 100 உயிர்களைக் கொண்டுபோனது. ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிகமாகக் கடிப்பது காலையிலும் அந்தி நேரத்திலும். நாம் சுருளைப் பற்றவைத்துப் படுக்கும்போது அது பெரும்பாலும் தன் வேலையை முடித்திருக்கும். அது முட்டையிடுவது பூச்சட்டித் தட்டிலும், மூடாத தொட்டியிலும், பழைய டயரிலும்.

கொசுவை எங்கே மடக்க வேண்டும் என்பது நம் சிலாங்கூர் மாநிலத்துக்குப் புதிய பாடமல்ல. 1901-இல் கிள்ளானில் மலேரியா மக்களை வாரிக்கொண்டு போனபோது, அங்கிருந்த அரசு மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்து அதைக் கட்டுப்படுத்தினார். பிறகு தோட்டங்களிலும் அதே வழியில் உழைத்தார்.

ஆகவே தோட்ட நிர்வாகங்களைக் கேட்கிறோம்: தொழிலாளர் குடியிருப்பைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பை, குறைந்தபட்சக் குடியிருப்புத் தரத்துக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள்மீது வைத்திருக்கிறது. சாக்கடைகளைத் தூர்வாருங்கள், ஒவ்வொரு வீட்டுச் சன்னலுக்கும் கம்பிவலை அடித்துக் கொடுங்கள். இதன் செலவைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கொசுவத்தி தயாரிப்பவர்கள், அடைத்த அறையில் கொளுத்தக் கூடாது என்பதைப் பெட்டியின் முகப்பிலேயே, தமிழிலும், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். பூச்சிக்கொல்லி வாரியம் அதை உறுதிசெய்ய வேண்டும்.

பெற்றோரே, கம்பிவலை வரும்வரை காத்திருக்க வேண்டாம். சுருள் கட்டாயம் வேண்டுமென்றால் அந்தியில் வாசலில் கொளுத்துங்கள். படுக்கப் போகுமுன் அணைத்துவிட்டு, பிள்ளைகளைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.