பாசியில் தெரியும் கடலின் நாடி

மண்டபம், பாம்பன் கரையோரங்களில் கடல் வற்றும் நேரத்தில் பாறைகளைக் குனிந்து பார்த்தால், இரண்டு வகைப் பாசிகள் கண்ணில் படும். ஒன்று, கட்டைக்கோரை. பழுப்பு நிறம், இலைகளுக்கிடையே மிளகளவு காற்றுக் குமிழ்கள், இழுத்தாலும் எளிதில் வராதபடி பாறையை இறுகப் பற்றியிருக்கும். இன்னொன்று, ‘உல்வா’ என்று அறிவியலாளர்கள் அழைக்கும் பச்சைப் பாசி. வெங்காயச் சருகுபோல மெல்லியது. விரல்களில் விரித்துப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். ஒரு பாறைக்கரையில் முதலாவது குறைந்து இரண்டாவது ஆண்டுதோறும் பெருகிவந்தால், அங்கே கடல் நோயுற்றிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

பாட்டில் சொல்லாத உண்மை

கடற்பாசிக்கு வேர் கிடையாது. அடியில் இருப்பது வெறும் பிடிமானம். தனக்கு வேண்டிய சத்தை உடல் முழுவதாலும் தண்ணீரிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் கெட்டால் மீனைப்போல வேறிடம் போகவும் அதனால் முடியாது. தன்னைக் கடந்துசென்ற நீரின் குணத்தை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடலில் பதிந்துகொள்கிறது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் அதில் தங்கிவிடும். ஆய்வகத்துக்குப் போகும் ஒரு பாட்டில் கடல்நீரோ, அதை எடுத்த நேரத்தின் நிலையை மட்டுமே சொல்லும். இரவில் திறந்துவிட்ட கழிவு, மறுநாள் எடுக்கும் பாட்டிலில் சிக்காமல் போகலாம். பாசி அதைச் சந்தித்திருக்கும்.

உல்வாவின் இலை இரண்டே செல்கள் தடிமன் கொண்டது. சாக்கடையோடும் உரத்தோடும் நைட்ரஜன் வந்து சேர்ந்ததும் மளமளவென வளர்ந்துவிடும். கட்டைக்கோரை போன்றவை நிதானமாக வளர்பவை. நீர் கலங்கி வெளிச்சம் குறைந்தால் பின்வாங்குபவை. அவற்றின் அடர்த்திக்குள்தான் மீன்குஞ்சுகளும் இறால்களும் நத்தைகளும் ஒதுங்குகின்றன. பச்சைப் பசேல் என்றிருப்பது வயலுக்கு அழகு. கடற்பாறைக்கு அது எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

ஆகவே, எவ்வளவு பாசி இருக்கிறது என்பதைவிட, எந்தெந்தப் பாசிகள் எந்த விகிதத்தில் சேர்ந்து வாழ்கின்றன என்பதே முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த நீர்க்கொள்கைச் சட்டம், கரைக்கடலின் நிலையை மதிப்பிடப் பாசிகளையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. மெல்ல வளரும் பாசிகள், விரைந்து பெருகும் பாசிகள் என இரண்டாகப் பிரித்து, அவை பாறையை மூடியிருக்கும் பரப்பைக் கொண்டு கடலுக்கு மதிப்பெண் தரும் முறையைக் கிரேக்க ஆய்வாளர்கள் 2001இல் முன்வைத்தார்கள். ஸ்பெயினின் கேட்டலோனியாவில், கரையை ஒட்டிப் படகில் சென்றபடியே பாறைகளில் உள்ள பாசிக் கூட்டங்களை வரைபடத்தில் குறிக்கிறார்கள். இதற்குப் பயிற்சி பெற்ற கண்தான் முதல் தேவை.

பயிருக்கு முன் பதிவு

தமிழ்நாட்டில் இப்போது பாசி என்றாலே பேச்சு வளர்ப்பைப் பற்றித்தான். பாசி வளர்ப்பு கடலோரக் குடும்பங்களுக்கு வருமானம் தருவது உண்மை. ஆனால், இயற்கையாக அங்கே என்ன இருந்தது என்ற பதிவு இல்லாமல் வளர்ப்பை விரித்துக்கொண்டே போவது ஆபத்து. மண்டபம் பகுதியில் பரவலாக வளர்க்கப்பட்ட ‘கப்பாபைகஸ்’ என்னும் அயல்நாட்டுப் பாசி, குருசடைத் தீவின் பவளங்கள்மீது படர்ந்திருந்தது 2008இல் பதிவானது. அதே ஆண்டு ஒலிம்பிக் படகுப் போட்டிக்குத் தயாரான சீனாவின் சிங்டாவ் நகரக் கடலை உல்வா இனப் பாசி மூடியது. பத்து லட்சம் டன்னுக்கு மேல் அள்ள வேண்டியிருந்தது. வேறொரு பாசியை வளர்க்கத் தெற்கே கட்டியிருந்த மிதவைகளில் ஒட்டி வளர்ந்ததுதான், சத்து மிகுந்த நீரில் அப்படிப் பெருகியது என்று பின்னாளில் ஆய்வுகள் காட்டின.

பாசியின் சாட்சியத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதும் உண்மை. பருவத்துக்குப் பருவம் பாசி மாறும். பாறைக்கரையில் நலத்தின் அடையாளமான கட்டைக்கோரையே, பவளப்பாரில் பவளத்தை மூடி வளர்ந்தால் நோயின் அடையாளம். பாசி மேயும் கிளிமீன்கள் குறைந்துபோனதை அது உணர்த்தலாம். அளவுக்கு மீறி அறுத்தாலும் ஓரிடம் மொட்டையாகும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தை ஒரே பருவத்தில் பார்த்துப் பழகியவர்களால்தான் இந்த வேறுபாடுகளைப் பிரித்தறிய முடியும்.

கண்கள் ஏற்கெனவே இருக்கின்றன

அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் ராமநாதபுரம் மாவட்டப் பெண்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை, பக்கோடா பாசி என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது. எது எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்த மாதம் முளைக்கும் என்ற அறிவு இருக்கிறது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் மட்டுமே எடுப்பது என்ற கட்டுப்பாட்டையும் தாங்களே வகுத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி அமைப்பின் சர்வதேச விருது கிடைத்தது. ஆனால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, இந்தப் பெண்கள் பெரும்பாலும் அத்துமீறுபவர்களாகவே பார்க்கப்படுகிறார்கள்.

பூங்காவைக் காக்கத்தான் வேண்டும். அந்தக் காவலில் இவர்களுக்கும் ஊதியத்துடன் இடம் கொடுங்கள். தேர்ந்தெடுத்த சில பாறைகளில், ஒரு சதுர மீட்டர் சட்டத்தை வைத்து, எந்தப் பாசி எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்று மாதந்தோறும் அவர்கள் குறித்துத் தரட்டும். மண்டபத்தில் பல பத்தாண்டுகளாக இயங்கும் மத்திய ஆய்வு நிலையங்கள் அதைச் சரிபார்த்துப் பொதுவில் வெளியிடட்டும். புதிய வளர்ப்புக்கோ ஆலைக்கோ கரையோரத்தில் அனுமதி தருவதற்கு முன், அந்த இடத்தின் பாசிக் கணக்கு மேசைக்கு வரட்டும்.

இத்தனை ஆண்டுகளாக இந்தப் பெண்களிடமிருந்து பாசியைக் கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்கியிருக்கிறோம். எந்தப் பாரில் எது குறைந்தது, எது புதிதாக வந்தது என்று அவர்களிடம் முறையாகக் கேட்டு எழுதிவைக்கவில்லை. அடுத்த அமாவாசை வற்றத்திலேயே அதைத் தொடங்கலாம்.