அஞ்ச வேண்டியது பேயையா?

இருட்டிய பின் பிள்ளைகள் தண்டவாளத்தோரம் போகாதிருக்க, பேசின் பிரிட்ஜ் பகுதிப் பெற்றோர் பலர் கையாளும் எளிய வழி, "அங்கே பேய் இருக்கிறது" என்பதே. அந்த அச்சம் தண்டவாளத்தோடு நின்றுவிடுவதில்லை. பாட்டனாரின் கப்ரில் ஸலாம் சொல்ல அழைத்தாலும் அதே பிள்ளை வர மறுக்கிறது.

பழைய இடங்களைப் பேயோடு இணைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆழ்வார்பேட்டை டிமான்டி காலனியைப் பற்றிய வதந்திகள் 2015இல் திரைப்படமாயின. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், மேரி கிங்ஸ் குளோஸ் என்னும் பழைய சந்தில் வாழ்ந்தோர் பலர் 1645ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் மடிந்தனர். இன்று மக்கள் கட்டணம் செலுத்தி அங்கே பேய்க்கதை கேட்கின்றனர். அக்டோபர் 31, ஹாலோவீன் நாளில் அந்த ஆர்வம் இன்னும் பெருகுகிறது. மாண்டவர்களின் துயரம் பொழுதுபோக்காகிவிட்டது.

கொல்லப்பட்டவரின் ஆவி பறவையாகி அலையும் என்ற அறியாமைக்கால நம்பிக்கையை நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். மரணித்தோர் பர்ஸக்கில் இருக்கின்றனர். அவர்கள் இவ்வுலகுக்குத் திரும்புவதில்லை (திருக்குர்ஆன் 23:100). ஜின்கள் உண்டு, ஆனால் அவை இறந்தோரின் ஆவிகள் அல்ல. அவற்றின் தீங்கிலிருந்து காவல் தேட ஆயத்துல் குர்ஸி நம்மிடம் இருக்கிறது.

ஆகவே, தண்டவாளத்தில் ஆபத்து ரயில்தான் என்று உண்மையையே சொல்வோம். அருகிலுள்ள ராயபுரம் நிலையத்தைக் காட்டி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் இங்கிருந்துதான் புறப்பட்டது என்போம். பின்னர் கைப்பிடித்து மையவாடிக்கு அழைத்துச் செல்வோம். அங்கே பிள்ளைகள் மறுமையை நினைக்கட்டும். மரித்தோருக்காக துஆ செய்யட்டும்.