புல்லட்டுக்கும் ஒரு படிக்கம்!

அந்தக் காலத்து மிராசுதார் வீட்டுத் திண்ணையில் பித்தளைப் படிக்கம் ஒன்று இருக்கும். மிராசுதாரின் மீசையைப் பற்றி ஊரே பேசும். படிக்கத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆனால் அதை நாலு நாள் கொட்டிக் கழுவாமல் விட்டால் திண்ணைப் பக்கம் யாரும் தலைகாட்ட முடியாது!

பழைய புல்லட்டிலும் அப்படி ஒரு படிக்கம் உண்டு. பெயர் ஆயில் கேட்ச் கேன். நமக்கு டப்பா என்றால் போதும். மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கைகோத்து, திருவொற்றியூரிலிருந்து புல்லட்டை ஓடவிட்டது. அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் 2010 வாக்கில் நின்றுபோனது. அதனால் என்ன? 'டப்... டப்...' சத்தத்துக்காகவே பழைய வண்டியைத் தேடி வாங்கி ஆபீசுக்கு ஓட்டுகிற வாலிபர்களுக்குக் குறைச்சலே இல்லை. சத்தம் தெரிகிறது. டப்பாதான் தெரிவதில்லை!

விஷயம் சிம்பிள். 346 சி.சி.யில் ஒற்றை பிஸ்டன். அது கீழே இறங்கும்போதெல்லாம் அடியில் இருக்கிற காற்றை அமுக்குகிறது. போதாக்குறைக்கு, மேலே எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே நழுவும். இதெல்லாம் வெளியேற ஒரு பிரீதர் குழாய். அதில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர். மூச்சை வெளியே விடும், உள்ளே இழுக்காது. வெளியே வரும் காற்று, ஆயிலைப் பனி மாதிரி சுமந்து வரும். டப்பாவுக்குள் ஆயில் தங்கிவிடும். காற்று தன் வழியே போய்விடும்.

டப்பா நிரம்பினால்? அங்கேதான் வம்பு. வழிகிற ஆயில் காற்றில் பறந்து பின் டயரில் உட்காரும். மழை பெய்த ரோட்டில், வளைவில், பின்னால் வீட்டுக்காரியும் குழந்தையும் இருக்கும்போது அந்த ஆயில் என்ன செய்யும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

எங்கள் நண்பர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் புல்லட்டுக்கும் எண்ணெய் பார்ப்பார். அளவுகோலில் ஆயில் குறைவாகத் தெரியும். ஊற்றுவார். மறு வாரமும் குறைவு. மறுபடி ஊற்றுவார். டப்பா நிரம்பி வழிய, ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

"ரிங் போச்சு சார். போர் பண்ணணும், பிஸ்டன் மாத்தணும்."

"எவ்வளவுப்பா ஆகும்?"

மெக்கானிக் சொன்ன தொகையில் நண்பருக்குத்தான் மூச்சு வெளியே போனது. உள்ளே வரவில்லை!

நல்லவேளை, பக்கத்தில் இருந்த இன்னொரு பெரியவர், "தம்பி, ஆயிலை எப்போ பார்க்கறீங்க?" என்று கேட்டார். அதுதான் கேள்வி! புல்லட்டை ராத்திரி முழுக்க நிறுத்தினால், டாங்கில் இருக்க வேண்டிய ஆயில் மெள்ளக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். காலையில் அளவுகோல் குறைவாகத்தான் காட்டும். ஆயில் எங்கேயும் ஓடிப்போகவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வண்டியைச் சில நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்துப் பார்த்தால்தான் சரியான கணக்கு. அது தெரியாமல் ஊற்றினால் ஆயில் மிஞ்சும். மிஞ்சியதை இன்ஜின் டப்பாவில் துப்பும். கூடுதல் ஆயிலை இறக்கியதும் நண்பரின் வண்டி சாதுவாகிவிட்டது. போர் பண்ணுகிற பணம் மிச்சம்.

ஆகவே டப்பா என்பது வெறும் குப்பைத்தொட்டி இல்லை. ஆபீஸ் பெட்டி கேஷ் நோட்டு மாதிரி. ரெகுலராகப் புரட்டினால் எங்கே ஓட்டை என்று சொல்லிவிடும். கொஞ்சம் ஆயில் சேர்ந்தால் சகஜம். திடீரென்று அதிகமானால், முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அடுத்து வாத்து மூக்கு. ரப்பர் விறைத்துப்போயிருந்தால் புதுசு போடுங்கள். பிறகு குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்தால் அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் பிதுங்கும். ரிங் மேல் சந்தேகம் கடைசியில்தான் வர வேண்டும்.

சில சமயம் டப்பாவில் ஃபில்டர் காபி கலரில் கொழகொழவென்று ஏதோ இருக்கும். பயப்படாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் துளி ரிங்கைத் தாண்டி வந்து ஆயிலோடு கலக்கிறது. தெருமுனைக் கடைக்கும் ஸ்டேஷனுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில், அதுவும் மழைக்காலத்தில், இன்ஜின் முழுசாகச் சூடேறாததால் இது அதிகம். வாரம் ஒரு தடவை நீளமாக ஒரு ரவுண்டு போங்கள்.

கழுவுவது பத்து நிமிஷ வேலை. இன்ஜின் ஆறட்டும். எந்தக் குழாய் எங்கே என்று அடையாளம் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். பழைய வண்டிகளில் வருஷத்துக்கு வருஷம் குழாய் அமைப்பு மாறும். டப்பாவைக் கொட்டி, மண்ணெண்ணெயில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கொட்டியதை 'வீணாகிறதே' என்று திரும்ப இன்ஜினில் ஊற்றக்கூடாது. சாக்கடையிலும் கூடாது. பழைய ஆயில் சேர்க்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். 'ஒழுகுகிறதே' என்று பிரீதர் குழாயை மட்டும் எந்தக் காலத்திலும் அடைத்துவிடாதீர்கள். மூக்கைப் பொத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது?

இதற்கெல்லாம் நேரமில்லை என்கிறீர்களா? சரி, ஒன்றே ஒன்று. நாளைக் காலை கிளம்பும் முன் பின் டயரை ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். விரல் வழுக்கினால் அன்றைக்கு பஸ்ஸில் போங்கள்!